செடிக்கு ஆர்கானிக் தெரியாது சாமி

போன ஞாயித்துக்கிழமை எங்க மொட்டை மாடியில ஒரு பஞ்சாயத்து. கூட ஆணி புடுங்குற நண்பர் ஒருத்தர் சாப்பிட வந்திருந்தார். மாடியில நான் வச்சிருக்குற எட்டு பை தோட்டத்தைச் சுத்திப் பாத்துட்டு, ஊர்ல இருந்து வந்திருந்த எங்க அப்பாகிட்ட, "அங்கிள், வயலுக்கு நீங்க யூரியாவா போடுறீங்க? அது விஷமாச்சே!"ன்னு கேட்டுட்டார். அப்பா மன்னார்குடி பக்கம் நாப்பது வருசமா நெல்லு போடுறவர். ஒண்ணும் சொல்லலை. "சாப்பிட வாங்க தம்பி, ஆறிடப் போகுது"ன்னு கீழ இறங்கிட்டார். அன்னைக்கு இலையில இருந்தது அவர் விளைவிச்ச அரிசி.

அவர் சொல்லாததை நான் சொல்லிடறேன். ஒரு வாரமா வயித்தெரிச்சல்.

முதல்ல உரம் வேற, பூச்சிமருந்து வேற மக்களே. கத்திரிக்காய்ல தங்குற மருந்து எச்சத்தைப் பத்திப் பயப்படுறீங்களா, நியாயம். நானும் பயப்படுறேன், அதுக்குத்தான் நாலு செடி வச்சேன். ஆனா அந்தக் கோவத்தைத் தூக்கி யூரியா மேல போடாதீங்க. செடியோட வேர் தழைச்சத்தைப் பெரும்பாலும் நைட்ரேட்டாவோ அம்மோனியமாவோதான் உறிஞ்சுது. மாட்டுச்சாணம் மக்கினாலும் கடைசியில அங்கதான் வந்து நிக்கணும், யூரியா கரைஞ்சாலும் அங்கதான். ஐடி கார்டு பாத்து உள்ள விடுற செக்யூரிட்டி எல்லாம் வேர்ல கிடையாது.

கணக்குன்னு பாத்தா இன்னும் சுவாரஸ்யம். யூரியாவுல 46 சதவீதம் தழைச்சத்து. தொழு உரத்துல சுமாரா அரை சதவீதம். அதாவது ஒரு கிலோ தொழு உரமும் 11 கிராம் யூரியாவும் தழைச்சத்துல ஒண்ணு. தொழு உரம் மெதுவாக் குடுக்கும், மண்ணைப் பொலபொலன்னு வைக்கும், தண்ணியைப் பிடிச்சு வைக்கும், நுண்ணுயிருக்குச் சோறு போடும். இதெல்லாம் யூரியா செய்யாது, ஒத்துக்கறேன். அதனாலதான் என் பையில மண்ணுக்குச் சரிசமமா மக்கின எரு இருக்கு. ஆனா "இயற்கை, அதனால எவ்வளவு வேணா போடலாம்"ங்கிறது கடைஞ்செடுத்த முட்டாள்தனம். எனக்கே அந்த அனுபவம் உண்டு. போன வருசம் பச்சைக் கோழி எருவை மக்க வைக்காம அப்படியே கத்திரிக்கு ரெண்டு கை அள்ளிப் போட்டேன். நாலே நாள்ல இலை ஓரமெல்லாம் கருகி, செடி தலையைத் தொங்கப் போட்டுடுச்சு. நூறு சதவீதம் இயற்கையான சாவு!

அப்புறம் இந்த தேங்காய் நார்க்கழிவு. கட்டியா வாங்கி, தண்ணியில ஊற வச்சு, பை முழுக்க அதையே அடைச்சுட்டு "காய் வரலை"ன்னு பொலம்புறாங்க. எப்படி வரும்? அது ஸ்பாஞ்சு மாதிரி. தண்ணி நிக்கும், சத்து பேருக்குத்தான். மக்காத நார்க்கழிவுல தழைச்சத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல கரிச்சத்து. அதை மக்க வைக்கிற நுண்ணுயிருங்க, நீங்க போடுற கொஞ்சநஞ்ச தழைச்சத்தையும் முதல் பந்தியில உக்காந்து தின்னுடும். எங்கப்பா பையைக் கிளறிப் பாத்துட்டு, "என்னடா இது, மண்ணே காணோம்?"னு கேட்டதுல எனக்குத்தான் மானம் போச்சு. இப்ப கால் பங்குக்கு மேல சேக்கறதில்ல.

இதைவிட முக்கியமா ஒண்ணு. உரம் வாங்கக் கடைக்கு ஓடுறவங்கள்ல எத்தனை பேர் மாடியில எத்தனை மணி நேரம் வெயில் விழுதுன்னு பாத்திருக்காங்க? தக்காளி, கத்திரி, வெண்டைக்கு நேர் வெயில் ஆறு மணி நேரமாவது வேணும். பக்கத்து அபார்ட்மென்ட் நிழல் விழுற மூலையில தக்காளி வச்சுட்டு, கடலைப் புண்ணாக்குத் தண்ணியா ஊத்தினேன் நான். ஆள் உயரத்துக்கு இலை. காய் மூணு. அதே மூலையில இப்ப கீரை வருது, உரம் கேக்காம. சென்னையில சித்திரை, வைகாசியில ராத்திரிச் சூடே 25 டிகிரிக்கு மேல. அப்ப தக்காளிப் பூ உதிரத்தான் செய்யும். அதுக்குப் பஞ்சகவ்யாவைக் குறை சொல்லியும் பிரயோசனமில்ல, பாட்டில்ல விக்கிற இன்னொரு சமாச்சாரத்தை வாங்கியும் பிரயோசனமில்ல. 2013-ல மறைஞ்ச நம்மாழ்வார் ஐயா, விவசாயி கடையை நம்பியிருக்கக் கூடாதுன்னுதான் ஊர் ஊரா நடந்தார். அவர் படத்தைச் சுவத்துல மாட்டிட்டு ஆன்லைன்ல லிட்டர் கணக்குல ஆர்டர் போடுற கூட்டத்தை என்ன சொல்ல?

எட்டு பைக்கு இது விளையாட்டு. தப்பினா ரெண்டு செடி போகும், முக்குக் கடையில அரைக் கிலோ வாங்கிக்கலாம். வயல்ல அப்படி இல்ல. 2021 மே மாசம் இலங்கையில ரசாயன உர இறக்குமதிக்கு ஒரேயடியாத் தடை போட்டாங்க. நெல்லு சரிஞ்சுது, தேயிலை சரிஞ்சுது, நவம்பர்ல தடையை வாபஸ் வாங்கினாங்க. அந்த ஆறு மாசத்துல நஷ்டப்பட்டது மொட்டை மாடிக்காரன் இல்ல.

எங்கப்பா யூரியாவை அள்ளி வீசுற ஆளும் இல்ல. தண்ணி வந்தா முதல்ல தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழுவார். அப்புறம் தூர் கட்டுறப்ப ஒரு தடவை, கதிர் உருவாகுறப்ப ஒரு தடவைன்னு பிரிச்சுதான் யூரியா. பயிர் நிறத்தைப் பாத்தே வேணுமா வேணாமான்னு சொல்லிடுவார். நண்பர் அதைக் கேட்டிருந்தா ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்திருப்பார் மனுசன்.

ஆடி பொறந்தாச்சு. இந்தத் தடவை வெயில் விழுற பக்கம் வெண்டை மூணு பை, கத்திரி ரெண்டு, கொத்தவரை ஒண்ணு, நிழல்ல கீரை ரெண்டு. எரு மக்கியாச்சு. வேப்பம் புண்ணாக்கு பைக்கு ஒரு கைப்பிடி. பூக்குற நேரத்துல இலை வெளுத்தா, கால் ஸ்பூன் யூரியா ஒரு லிட்டர் தண்ணியில கரைச்சு ஊத்துவேன். ஒளிச்சு மறைச்சு எல்லாம் இல்ல.

டிஸ்கி: சண்டைக்கு வர்றவங்க தாராளமா வாங்க. வர்றப்ப உங்க மாடியில எத்தனை மணி நேரம் வெயில்னு குறிச்சு எடுத்துட்டு வாங்க. நண்பருக்கு இந்தப் பதிவை அனுப்பியாச்சு, இன்னும் பதில் இல்ல. அவருக்கு அப்பா கட்டிக் குடுத்த அஞ்சு கிலோ அரிசி தீர்ந்ததும் கூப்பிடுவார்னு நினைக்கிறேன்.