வள்ளிக்கும்மி வட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள்

கோவை மாவட்டத்தைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆண்களே ஆடிவந்த கலையைப் பெண்களுக்கும் கற்பித்தவர் அவர். இன்று கொங்கு நாட்டின் கோயில் திடல்களில் நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே நிறச் சேலையில் இக்கும்மியை ஆடுகிறார்கள். கட்டணம் கிடையாது, யாரும் வந்து பார்க்கலாம் என்கிறார்கள். அந்த ‘யாரும்’ யார் என்பதே நம் கேள்வி.

எளியவர்கள் ஏன் நாடக அரங்குக்கு வருவதில்லை என்ற விவாதம் பெரும்பாலும் நுழைவுச்சீட்டின் விலையோடு முடிந்துவிடுகிறது. கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் வெரைட்டி ஹாலைக் கட்டினார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலையரங்கு திரையரங்கே என்பது கா. சிவத்தம்பியின் கணிப்பு. அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்று, காசு. தரை டிக்கெட்டிலும் இழிவு உண்டுதான். ஆனால் கையில் நாலு காசு சேர்ந்தால் பெஞ்சுக்கு மாறிவிடலாம். ஊர்த் திடலில் அந்த வழியும் இல்லை. வளவிலிருந்து வருபவர் எங்கே நிற்க வேண்டும் என்பது பல ஊர்களில் ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவாகியிருக்கிறது. நோம்பிக்குப் பறையடிக்க அழைக்கப்படுபவரின் மகளைக் கும்மி வட்டத்துக்கு எவரும் அழைப்பதில்லை. இலவசம் என்பது வர்க்கத் தடையை நீக்கலாம். சாதித் தடையை அது தொடுவதேயில்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. பொதுக் கேளிக்கை இடங்களில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் 15(2)ஆம் கூறு. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமோ, பொதுமக்கள் அனுமதிக்கப்படும் எந்த நிகழ்விடத்தையும் அந்த வரையறைக்குள் கொண்டுவருகிறது. ஆனால் நடைமுறையில், பார்க்க விடாததைக் குற்றமென நிறுவ முடிந்தாலும், ஆடச் சேர்க்காததை ‘எங்கள் ஆட்கள் பழகும் ஆட்டம்’ என்று சொல்லித் தப்பிவிடுகிறார்கள்.

இக்கும்மி பாடும் கதைதான் என்ன? தினைப்புனம் காத்த வேடர் குலத்துப் பெண், தன் குலத்தைச் சேராத ஒருவனை விரும்பி அவனோடு இரவில் வெளியேறுகிறாள். அவளுடைய உறவினர் ஆயுதங்களோடு துரத்துகிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் நாடகமாக்கி, தமிழகமெங்கும் விடிய விடிய நடிக்கப்பட்டதும் இதே வள்ளி திருமணம்தான். அந்த வள்ளியைப் பாடும் மேடையில், சொந்தச் சாதியிலேயே மணம் முடிப்போம் என்று இளம்பெண்களை உறுதியேற்க வைத்த செய்திகள் அண்மையில் வெளிவந்து விவாதமாயின. சாதி மாறிப் பழகியதற்காக 2015இல் திருச்செங்கோட்டிலிருந்து கடத்தப்பட்டு கோகுல்ராஜ் கொல்லப்பட்டதும், சாதி மறுத்து மணந்ததற்காக 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதும் இதே மண்ணில்தான். பார்வையாளர் வரிசையில் தலித் குடும்பங்கள் சமமாக அமர்ந்திருந்தால், அப்படியோர் உறுதிமொழியை ஒலிபெருக்கியில் சொல்ல எவருக்கும் நா எழுந்திருக்குமா?

கல்லூரி விழாக்களுக்கும் இக்கும்மி வந்துவிட்டது. குழுவுக்கு ஆட்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், பயிற்சி எந்தத் திடலில் நடக்கிறது, வளவுப் பெண்கள் எத்தனை பேர் என்று மாணவர்கள் கேட்கத் தொடங்கலாம். அரசு விழாக்களுக்குக் குழுக்களை அழைக்கும் மாவட்ட நிர்வாகமும் பணம் கொடுப்பதற்கு முன் இதையே கேட்க வேண்டும்.