ஒரே ஜாதகம், இரண்டு இதயம்

இரட்டைப் பிள்ளைகள் மாதம் நிறையாமல் பிறந்து, ஒன்று பிழைத்து மற்றொன்று போய்விட்டால், நம் மக்கள் உடனே அதற்குத் தலையெழுத்து என்று பெயர் வைத்துவிடுகின்றார்கள். தாய் இரட்டை வாழைப்பழம் தின்றதுதான் வினை என்பாரும் உண்டு. ஜோசியர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். ஒரே வயிறு, ஒரே நாள், ஒரே நட்சத்திரம், சில நிமிஷ வித்தியாசத்தில் ஒரே லக்கினம். அப்படியிருக்க ஒன்றுக்குத் தீர்க்காயுசும் மற்றொன்றுக்கு அற்பாயுசும் எந்தக் கட்டத்திலிருந்து வந்தன?

காரணம் நஞ்சுக்கொடியில் இருக்கலாம். சில இரட்டையருக்கு நஞ்சுக்கொடி ஒன்றேதான். அதில் இரண்டு பிள்ளைகளின் இரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்து கிடக்கின்றன. கொடுக்கல் வாங்கல் சமமாயிருக்கும்வரை கெடுதியில்லை. சமம் தப்பினால் ஒரு பிள்ளை இரத்தம் குன்றி இளைக்கின்றது; மற்றதோ அளவுக்கு மிஞ்சிய இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் தடித்துக் களைக்கின்றது. அதிகம் பெற்றதற்கும் சுகமில்லை, பாருங்கள்!

இதையெல்லாம் இன்று ஸ்கேனில் பார்க்கலாம். இதயச் சுவர் தடித்திருக்கிறதா, வால்வில் இரத்தம் பின்னோக்கி ஒழுகுகிறதா, சுருங்கி விரிய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்து, பிறந்தபின் எந்தப் பிள்ளைக்கு ஆபத்து அதிகம் என்று டாக்டர்கள் கணிக்கின்றார்கள்.

"அப்படியானால் இதுவும் ஒரு ஜோசியந்தானே?" என்று சிலர் கேட்கலாம். அல்லவே அல்ல. இதய அளவு மட்டும் போதாது, எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, எடை என்ன என்பவற்றையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்று டாக்டரே சொல்லுகின்றார். கணக்குத் தவறினால் எழுதி வைத்துத் திருத்துகின்றார். தவறிய ஜாதகங்களை எண்ணி வைத்திருக்கும் ஜோசியர் எவர்? அன்றியும், டாக்டர் ஆபத்தைச் சொல்லுவது அதைத் தடுப்பதற்காக. 2004-ம் வருஷம் வெளிவந்த ஓர் ஐரோப்பியப் பரிசோதனையில், இணைந்த குழாய்களை லேசர் ஒளியால் சுட்டு அடைத்த தாய்மாரில் 100-க்கு 76 பேருக்கு ஒரு பிள்ளையாவது பிறந்து 28 நாள்வரை பிழைத்திருந்தது. பனிக்குடத்தில் மிஞ்சிய நீரை மாத்திரம் வடித்தவர்களில் 56 பேருக்குத்தான். பரிகாரம் செய்து இப்படிக் கணக்குக் காட்டினவர் யாரையும் நாம் கண்டதில்லை.

ஆகவே இரட்டை என்று தெரிந்தவுடன் டாக்டரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்பதுதான். 11 முதல் 14 வாரத்திற்குள் பார்த்தால் அது தெளிவாகத் தெரியும். ஒன்றானால் 16-வது வாரம் முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கவேண்டும். இந்தக் கோளாறு பெரும்பாலும் 16 முதல் 26 வாரத்துக்குள்ளேயே தலைகாட்டுவதால், வளைகாப்புக்கு நாள் பார்க்கும் மாதம்வரை காத்திருப்பதில் பிரயோஜனமில்லை.