இன்டெர்ன் டைரி: ஹெல்மெட்டுக்குள்ள ஒரு ஓட்டு!

எட்டாம் நம்பர் காலுக்குப் பத்தாம் நம்பர் சேஃப்டி ஷூ மாட்டிவிட்ட கதையைப் போன வாரம் படிச்சிட்டு, ‘இன்னும் விழலையா?’ன்னு அன்பா விசாரிச்ச எல்லோருக்கும் நன்றி. விழுந்தாச்சு. ரெண்டு தடவை.

இந்த வாரம் மேட்டர் போண்டா. துவாக்குடி பக்கம் நான் இன்டெர்னா இருக்கிற ஃபேப்ரிகேஷன் யூனிட்ல சாயங்காலம் நாலு மணிக்கு டீயோட ஒரு போண்டா வரும். வெல்டிங்கை டெஸ்ட் பண்ற அல்ட்ராசோனிக் மெஷினை அதுமேல வச்சா, ‘குறை எதுவும் இல்லை, பாலத்துக்குப் பயன்படுத்தலாம்’னு ரிப்போர்ட் வரும். அவ்ளோ ஸ்ட்ராங்!

ஹெட் ஆபீஸுக்கு யாரோ புகார் அனுப்ப, சென்னையிலேருந்து ஒரு ஹெச்.ஆர். சார் லேப்டாப்போட வந்து இறங்கினார். ‘ஜனநாயகப் பணியிடம்’னு பவர்பாயிண்ட். பதினாலாவது ஸ்லைடுல கேன்டீன் கமிட்டி உறுப்பினர்கள் அஞ்சு பேர் பேரும் ரெடியா இருந்தது. “அஞ்சு பேரும் போட்டியின்றித் தேர்வு! எல்லோரும் கை தட்டுங்க!” என்றார். கிரேன் ஓட்டுற அண்ணன் மட்டும் எழுந்து, “சந்தோஷம் சார். போண்டாவை எப்ப மாத்துவீங்க?” என்று கேட்டார். “அது இன்னைக்கு அஜெண்டால இல்லை!”

மறுநாள் தொழிலாளர்களே தேர்தல் நடத்தினாங்க. போண்டாவா, சுண்டலா? தலைமைத் தேர்தல் ஆணையர், அடியேன். (தகுதி: யூனிட்லயே வேலை இல்லாத ஒரே ஆள்!) வேஸ்ட்டான டிராயிங் ஷீட்டைக் கிழிச்சு ஓட்டுச் சீட்டு. கவிழ்த்து வச்ச மஞ்சள் ஹெல்மெட்தான் ஓட்டுப் பெட்டி. உத்திரமேரூர்ல சோழர் காலத்துல குடவோலை, நம்மகிட்ட ஹெல்மெட்வோலை!

எல்லோரும் போட்டுட்டுப் போயாச்சு. பெயின்டர் அண்ணன் ஒருத்தர் மட்டும் சீட்டைக் கையிலேயே வச்சுக்கிட்டு நின்னார். “போண்டாவுக்கு இவ்ளோ யோசனையாண்ணே? சீக்கிரம் போடுங்க” என்றேன். அவர் சிரிச்சுக்கிட்டே, “முதல் ஓட்டு தம்பி. கொஞ்ச நேரம் வச்சிருக்கேனே” என்றார்.

ஜோக்குன்னு நினைச்சு நானும் சிரிச்சேன். ஆளுக்கு முப்பது வயசுக்கு மேல இருக்கும். அப்புறம்தான் தெரிஞ்சது, அவர் வாழவந்தான்கோட்டை முகாம்லேருந்து வர்றவர். அப்பா, அம்மா இலங்கையிலேருந்து படகுல வந்தவங்க. இவர் பிறந்தது, படிச்சது, கல்யாணம் பண்ணினது எல்லாம் இங்கேதான். ஆனா வாக்காளர் அட்டை கிடையாது. ஊர் பேரைப் பாருங்க... வாழவந்தான்கோட்டை! வாழ வந்தாச்சு, ஓட்டு மட்டும் வரலை.

அன்னைக்கு ஸ்ரீரங்கம் வர்ற வரைக்கும் பஸ்ல அதே யோசனை. வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படிச்சேன். ‘வெளிநாட்டுக்கு ஜனநாயகம் ஏற்றுமதி’ன்னா நமக்கு ஞாபகம் வர்றது 2003-ல் ஈராக்குக்குப் போன அமெரிக்காதான், இல்லையா? ஆனா நாமளும் ஒரு தடவை அந்த வேலையைப் பார்த்திருக்கோம்!

1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். இந்திய அமைதிப்படை இலங்கை போனது. கொஞ்ச மாதங்களிலேயே புலிகளோடு சண்டை. 1988 நவம்பரில் நம் ராணுவத்தின் பாதுகாப்பில் வடகிழக்கு மாகாண சபைத் தேர்தல். அதில் வட மாகாணத்து இடங்களுக்கெல்லாம் போட்டியே இல்லை. (ஸ்லைடு பதினாலு ஞாபகம் வருதா?) 1990 மார்ச்சில் நம் படை கப்பலேறியது, அந்த சபையும் அதோடு கலைந்துபோனது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் திரும்பி வரவே இல்லை. அங்கே செத்த அப்பாவித் தமிழர்களும் நிறைய.

துப்பாக்கி தூக்கினவங்க மட்டும் ஓட்டை மதிச்சாங்களா? மக்கள் ஓட்டுல ஜெயிச்சு எதிர்க்கட்சித் தலைவரா இருந்த அமிர்தலிங்கத்தையே 1989 ஜூலை 13-ல் கொழும்பில் வீட்டுக்குள் புகுந்து சுட்டார்கள் புலிகள். 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர் உங்களுக்கே தெரியும். “அதுவரைக்கும் ‘பாவம், நம்ம ஜனங்க’ன்னு சொன்ன வாயெல்லாம் மறுநாளே மாறிடுச்சுடா” என்றார் அப்பா. நம்ம பெயின்டர் அண்ணன் அப்ப பிறக்கவே இல்லை! ஆனா பஸ்ல ‘முகாம்’னு சொன்னா பக்கத்து சீட்டுக்காரர் இன்னைக்கும் ஒரு மாதிரி பார்ப்பாராம். குண்டு வெடிக்கிறது ஒரு நிமிஷம். அந்தப் பார்வை முப்பது வருஷம் தாண்டியும் போகலை. தீவிரவாதத்தோட பெரிய வெற்றியே இதுதான்னு எனக்குத் தோணுது. யாரோ செஞ்சதுக்கு யார்கிட்டயோ கணக்குக் கேட்க வச்சிடுது.

சட்டத்துலயும் ஒரு கோடு இருக்கு. 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். அதுக்கப்புறம் பிறந்தவர்களுக்கு அப்பா, அம்மாவில் ஒருத்தராவது இந்தியக் குடிமகனா இருக்கணும். 2004-க்கு அப்புறம் விதி இன்னும் டைட். திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வசிக்கும் ஒரு பெண் 1986-ல் மண்டபத்தில் பிறந்தவர். அதை வச்சு ஹைகோர்ட் வரைக்கும் போராடி பாஸ்போர்ட் வாங்கி, 2024 ஏப்ரல் 19-ல் ஓட்டும் போட்டார். முகாமிலிருந்து போன முதல் ஓட்டு அதுதான்னு பேப்பர்லயெல்லாம் வந்தது. நம்ம அண்ணன் கோட்டுக்கு அந்தப் பக்கம் பிறந்துட்டார். அவ்ளோதான் வித்தியாசம்!

காபூலில் ஆப்கான் நாடாளுமன்றக் கட்டடத்தைக் கட்டிக் கொடுத்ததே இந்தியாதான். 2015 டிசம்பர் 25-ல் திறந்தார்கள். 2021 ஆகஸ்ட்டில் தாலிபான்கள் வந்தார்கள். கட்டடம் அப்படியே நிற்கிறது, உள்ளே நாடாளுமன்றம்தான் இல்லை. கட்டடத்தை வெளியூர்க்காரங்க கட்டித் தரலாம். ஸ்லைடும் போட்டுக் காட்டலாம். ஆனா சீட்டைக் கையில வச்சுக்கிட்டு, ‘கொஞ்ச நேரம் வச்சிருக்கேனே’ன்னு ஒரு மனுஷன் நிற்கிறார் பாருங்க, அதை எந்தக் கப்பல்ல ஏத்தி அனுப்புறது?

சரி, இப்ப ஒரு அசிங்கமான உண்மை. எங்க ஸ்ரீரங்கம் 2011-ல் முதல்வர் தொகுதி. 2015 இடைத்தேர்தலில் எங்க தெருவே திருவிழாவா இருந்தது. ஓட்டுன்னா என்னன்னு எங்களுக்கு யாராவது சொல்லித் தரணுமா? ஆனா பதினெட்டு முடிஞ்சு ரெண்டு வருஷமாகியும் அடியேன் பேரு வாக்காளர் பட்டியல்ல இல்லை. காரணம்? சோம்பல்! படிவம் 6-ஐ நிரப்ப இருபது நிமிஷம்கூட ஆகாது. சனிக்கிழமை நிரப்பிக் கொடுத்துட்டேன். நீங்க?

தேர்தல் முடிவு சொல்லலையே... சுண்டல் அமோக வெற்றி! பெயின்டர் அண்ணன் சோகமா வந்தார். “நான் போண்டாவுக்குப் போட்டேன் தம்பி.” எனக்கு ஷாக். “ஏண்ணே, அந்தக் கல்லுக்கா?”

“ரகசிய ஓட்டு தம்பி. காரணமெல்லாம் கேட்கக்கூடாது!”

அடுத்த வாரம் பார்ப்போம். வர்ட்டா!