கண்முன் விரியும் புத்துலகில் தமிழுக்கு இடம் எங்கே?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது முன்னோர் மொழி. அதன் முதற்பகுதிக்குச் சான்றாக இன்று ஒரு கருவியே வந்து நிற்கின்றது. தலையில் அணிந்துகொள்ளும் கலப்பு மெய்ம்மைக் கருவியே அது. நாம் இருக்கும் அறையும் மேசையும் எதிரில் அமர்ந்திருப்பவரும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்க, அவற்றினிடையே இல்லாத பொருள் ஒன்றை இருப்பதுபோல் அது நிறுத்திக் காட்டும். முற்றிலும் கற்பனை உலகினுள் நம்மை அழைத்துச் செல்லும் மெய்நிகர்க் கருவியினின்று இது வேறுபடுவது இவ்விடத்தில்தான்.

இவ்வெண்ணம் புதியதன்று. தலையில் அணியும் காட்சிக் கருவியை ஐவன் சதர்லாந்து 1968இல் உருவாக்கிக் காட்டினார். கலப்பு மெய்ம்மை என்னும் பெயரை மில்கிராம், கிஷினோ ஆகிய இருவர் 1994இல் தம் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினர். எனினும், 2023 அக்டோபரில் மெட்டாவின் குவெஸ்ட் 3, 2024 பிப்ரவரியில் ஆப்பிளின் விஷன் புரோ ஆகியன வெளிவந்த பின்னரே பொதுமக்கள் கவனம் இதன்பால் பெரிதும் திரும்பிற்று.

இக்கருவிகளில் கருதத்தக்கது ஒன்றுண்டு. கருவி உடல் எனின், மென்பொருள் உயிர். வாங்கிய கருவி அதுவேயாயினும், மென்பொருள் புதுப்பிக்கப்படுந்தோறும் அதன் ஆற்றல் மாறுகின்றது. விஷன் புரோவுக்கு 2024 செப்டம்பரில் வந்த மென்பொருள், பழைய தட்டையான புகைப்படங்களையும் ஆழம் தோன்றக் காட்டிற்று. 2025 செப்டம்பரில் வந்தது, கடிகாரம், நாட்காட்டி முதலியவற்றைச் சுவரில் மாட்டியதுபோல் நிறுத்தியது. கருவியைக் கழற்றி மீண்டும் அணிந்தாலும் அவை வைத்த இடத்திலேயே இருக்கும். ஓர் அறையில் இருக்கும் இருவர், இல்லாத ஒரே பொருளைச் சேர்ந்து காணவும் அது வழிசெய்தது.

ஆனால், கொடுக்கும் கையே பறிக்கவும் கூடும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மென்பொருளை நம்பி 2017 முதல் பல நிறுவனங்கள் கலப்பு மெய்ம்மைக் கருவிகளை விற்றன. 2024இல் வந்த விண்டோஸ் 11 புதுப்பிப்பில் அம்மென்பொருள் நீக்கப்பட்டது. கருவியில் பழுதில்லை, கண்ணாடியில் கீறலில்லை, ஆயினும் புதுப்பித்த கணினியோடு அது இயங்கவில்லை. பெருந்தொகை செலவிட்டு ஆய்வகம் அமைக்க எண்ணும் கல்வி நிறுவனங்கள் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி இது.

அண்மையில் நம் நகரில் நடைபெற்ற கண்காட்சி ஒன்றில் இக்கருவியை அணிந்து பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. எனக்கு முன்னே, பேரனுடன் வந்திருந்த நம் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் அணிந்தார். மேசைமேல் மனித இதயம் ஒன்று துடித்துக்கொண்டிருக்க, ஆங்கிலக் குரல் ஒன்று அதனை விளக்கியது. கருவியைக் கழற்றிய அவர், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அது நம்மகிட்டப் பேசலையே, வேற யார்கிட்டயோல்லா பேசுது" என்றார். தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்கு விடை சொல்ல இயலவில்லை.

கணினி வந்த காலத்தும் இந்நிலையே இருந்தது. ஆளுக்கொரு எழுத்துரு, நிறுவனத்திற்கொரு விசைப்பலகை எனத் தமிழ் சிதறிக் கிடந்தது. ஓரிடத்தில் எழுதியது மற்றோரிடத்தில் கட்டங்களாகத் தெரிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் மாநாட்டிற்குப் பின்னரே தமிழ் 99 என்னும் பொது விசைப்பலகை நமக்குக் கிடைத்தது. கணினி தானே தமிழ் கற்கவில்லை. தமிழறிந்தோரும் கணினி அறிந்தோரும் ஒன்றுகூடிக் கற்பித்தனர். பிறந்து வரும் இப்புதிய ஊடகத்திற்கும் அத்தகைய முயற்சி இப்போதே வேண்டும்.

அதற்குரிய பொருள் நம் பொருநைக் கரையிலேயே உள்ளது. ஆதிச்சநல்லூரில் 1876இல் அகழ்ந்த ஜாகோர் பல பொருள்களைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்தவை சென்னை அருங்காட்சியகம் சேர்ந்தன. தாழி புதைந்த இடம் இங்கே, தாழியில் இருந்த பொருள் எங்கோ. கலப்பு மெய்ம்மை, அப்பொருளைக் கவர்ந்து வராமலே, அதன் உருவத்தை அக்குழியின் விளிம்பில் நிறுத்தவல்லது. ஆனால், அங்கே ஒலிக்க வேண்டிய விளக்கத்தை யார் எழுதுவது? தமிழ்த்துறை மாணவர் எழுதலாம். கணினித்துறை மாணவர் அதனைக் கருவியில் ஏற்றலாம். இரு துறைகளுக்கும் இடையே இருப்பது ஒரு தாழ்வாரமே.

மற்றொன்றும் உண்டு. கேமரா காணும் சுற்றுப்புறத்தை விவரித்தும், ஆவணத்தை வாசித்தும் பார்வையற்றோர்க்கு உதவும் வசதியை விஷன் புரோவுக்கு ஆப்பிள் 2025 மே மாதம் அறிவித்தது. நூற்றாண்டு கடந்த பார்வையற்றோர் பள்ளியைக் கொண்டது நம் பாளையங்கோட்டை. அப்பள்ளி மாணவர் கையில் உள்ள தமிழ்க் கடிதத்தைத் திருத்தமாக வாசிக்கும் நாளே, இத்தகைய வசதி நம் ஊருக்கு வந்து சேர்ந்த நாள் எனக் கொள்வேன்.

பெரியோர் சிலர்க்கு அச்சமும் உண்டு, அது வீணன்று. இக்கருவியின் கேமரா நம் வீட்டின் உள்ளறையையும் காண்கின்றது. 2025இல் மெட்டா, அணிந்திருப்பவரின் இசைவுடன் அக்காட்சியைச் செயலிகள் பயன்படுத்த வழிதிறந்தது. அணிந்திருப்பவர் இசைந்தார், சரி; எதிரில் இருப்பவர் இசைந்தாரா? பிறர் இல்லத்துள் கேளாது நுழையாமை நம் அனைவர்க்கும் பொதுவான பண்பாடு. அதனைக் கருவிக்கும் விதிக்க வேண்டும்.

ஆகவே, இதனை வேண்டா என ஒதுக்குவதும், வந்தவுடன் வாங்கிக் குவிப்பதும் அறிவுடைமையாகா. வாங்குமுன் மூன்று வினாக்களை எழுப்புவோம். எத்தனை ஆண்டுகள் மென்பொருள் புதுப்பித்துத் தருவர்? தமிழ் எழுத்தும் தமிழ்க் குரலும் அதில் இயங்குமா? அது காணும் காட்சி எங்கே சென்று தங்கும்? தீர விசாரிப்பதே மெய். விசாரித்தபின் வாங்குவோம், வாங்கியபின் அதனைத் தமிழ் பேச வைப்போம். அப்பெரியவர் மறுமுறை அதனை அணியும்போது, அது அவரோடு பேசட்டும்.