சோலையை ஒடிக்காமல் செடி படிக்கலாம்

கொடைக்கானலுக்குக் கல்விச் சுற்றுலா வரும் தாவரவியல் மாணவர்கள் சிலர் எங்கள் ஊரான கவுஞ்சி வரைக்கும் வருகிறார்கள். கைக்கு எட்டியதை ஒடித்து, பழைய செய்தித்தாளில் அழுத்தி, செய்முறைத் தேர்வில் ஒப்படைக்கிறார்கள். மதிப்பெண் போட்டதும் பல தாள்கள் குப்பைக்குப் போகின்றன. இந்த ஊரில் பிறந்து, சமவெளிக் கல்லூரியில் தாவரவியல் நடத்தும் எனக்கு இது பொறுக்கவில்லை.

செடியை இனங்காணக் கற்றுக்கொடுக்க, உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் ஹெர்பேரியங்கள் நம்மிடம் இருக்கின்றன. திருச்சி தூய வளனார் கல்லூரியில் அருட்தந்தை கே.எம். மேத்யூ 1967இல் தொடங்கிய ராபினட் ஹெர்பேரியம் ஒன்று போதும். எங்கள் பழனி மலையில் சேகரித்த செடிகளை வைத்து 1999இல் மூன்று பாகங்களாக இம்மலைத் தாவர நூலை அவர் வெளியிட்டார். ஆராய்ச்சியாளர்கள் தேடிப் போகும் இத்தகைய தொகுப்புகளை இளநிலை மாணவர்களின் வகுப்பறையாகவும் ஆக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, கறுப்பு வாட்டில், வெள்ளி வாட்டில் என்ற இரு மரங்களின் ஹெர்பேரியத் தாள்களை அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இறகு போன்ற கூட்டிலைதான். காய்ந்த இலையின் நிறத்தை நம்ப முடியாது. பத்து மடங்கு லென்ஸை இலையின் நடுக்காம்பில் மெல்ல நகர்த்தினால், வெள்ளி வாட்டிலில் கிளைக்காம்புகள் ஜோடியாகப் பிரியும் இடத்தில் மட்டும் சிறு சுரப்பி தெரியும். கறுப்பு வாட்டிலிலோ இடைவெளிகளிலும் ஒழுங்கின்றிச் சுரப்பிகள் இருக்கும். செல்பேசிச் செயலி பெயரைச் சொல்லும். ஏன் அந்தப் பெயர் என்பதை மாணவி இப்படித் தன் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். தாளின் கீழே ஒட்டிய சீட்டில் இடம், உயரம், நாள், சேகரித்தவர், எண், காய்ந்ததும் மறைந்துபோன பூவின் நிறம் எல்லாம் இருக்கும். சந்தேகம் வந்தால் அதே இடத்துக்குப் போய்ப் பார்க்கலாம்.

தாள்கள் நொறுங்கிவிடும் என்று காப்பாளர்கள் அஞ்சுவது நியாயமே. மூலச் சான்றுகள் பூட்டியே இருக்கட்டும். ஒரே செடியில் எடுத்த உபரிப் படிகளைக் கொண்டு கற்பித்தலுக்கென்று தனித் தொகுப்பு அமைக்கலாம். அத்தகைய தொகுப்பு ஒன்று கொடைக்கானல் மேல்மலைப் பள்ளிகளுக்கும் வர வேண்டும்.

பாடத்திட்டக் குழுக்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சோலைச் செடிகளை ஹெர்பேரியத் தாளில் படித்தாலே மதிப்பெண் என்று விதியை மாற்றுங்கள். மாணவர் கையால் அழுத்திப் பழக வாட்டில் இருக்கிறது, உண்ணிச்செடி இருக்கிறது. எங்கள் புல்வெளிகளை விழுங்கிய வாட்டிலை எவ்வளவு வேண்டுமானாலும் ஒடித்துக்கொண்டு போகட்டும்.