கறளின் மேல் ஒரு பொய்

எனது மொறிஸ் மைனருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. டிங்கரிங் வேலையில் கெட்டிக்காரர் எனப் பலரும் புகழ்ந்த ஒருவரிடம் அதனை ஒப்படைத்தேன். புதுமணப்பெண்போல் மினுங்கித் திரும்பியது. ஒரு மாரி கழிந்ததும் கதவுக்குக் கீழே வர்ணம் கொப்பளித்தது. ஸ்குறூட்றைவரால் மெல்லக் குத்திப் பார்த்தேன். கைப்பிடிவரை உள்ளே போயிற்று! கறளை வெட்டி அகற்றாமல், அதன் மேலேயே பட்டியை அப்பித் தேய்த்து நிறம் அடித்திருக்கிறார்கள்.

“பழைய காருக்கு இதுபோதும்” என்பவர்களோடுதான் எனது வழக்கு. 1948 இல் அறிமுகமான இவ்வாகனத்துக்கு லொறிக்கு உள்ளதுபோலத் தனிச் சட்டம் இல்லை. தகட்டு உடலே எலும்புக்கூடு. கதவடியில் நீளும் பெட்டிப் பகுதியும், பின்புற வில்லுத்தகடுகளைத் தாங்கும் இடமும் உக்கினால் கார் நடுவில் தொய்யும், மோதினால் நசுங்கும். பட்டி பாரம் தாங்காது. போதாக்குறைக்கு ஈரத்தையும் உறிஞ்சும்.

உடல் வளையாதபடி முட்டுக்கொடுத்து, நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி, புதுத் தகட்டை வெல்ட் செய்து, பெட்டியின் உட்புறத்துக்கும் மெழுகு பாய்ச்ச வேண்டும். பட்டி அதன்பின் மயிரிழைப் பள்ளம் நிரப்பத்தான். செலவு அதிகமென்றால் முன்பே சொல்லுங்கள். முடிவை நான் எடுப்பேன். மறைத்துவிட்டுப் பணம் வாங்குவதற்குப் பெயர் திருத்தவேலையா?

கார் இப்போது முற்றத்தில் கட்டைகளின் மேல் நிற்கிறது. பெயர்த்தெடுத்த பட்டிக் கட்டியொன்று என் எழுத்துமேசையில் கிடக்கிறது. கடதாசி பறக்காமல் வைக்க உதவுகிறது.