சிரிக்கச் சொல்லும் முன் சம்பளத்தைப் பாருங்கள்

சிம்பாங் அம்பாட்டிலிருந்து இரண்டாவது பாலத்தைக் கடந்தால் தீவு. ஜார்ஜ்டவுனிலும் பத்து ஃபிரிங்கியிலும் தங்கும் விடுதிகளுக்குக் குறைவில்லை. எஸ்.பி.எம். முடித்துச் சுற்றுலாத் துறையில் டிப்ளோமா படிக்க நினைக்கும் மாணவர்களுக்கு அங்கேதான் தொழிற்பயிற்சியும் வேலையும். பயிற்சியில் முதல் பாடம், "விருந்தினரிடம் சிரித்துப் பேசு." அந்தச் சிரிப்பு எங்கிருந்து வரும்?

பல விடுதிகளின் ரசீதில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் இருக்கும். தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள இடங்களில் அதை ஊழியர்களுக்குப் புள்ளிக் கணக்கில் பிரித்துக் கொடுப்பார்கள். விருந்தினர் கூடினால் ஊழியர் கையிலும் காசு கூடும். வேலையில் அக்கறையும் தானாக வரும். 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் நடப்புக்கு வந்தது. சில விடுதிகள் இந்தச் சேவைக் கட்டணத்தையே அடிப்படைச் சம்பளத்தில் சேர்த்து அந்தத் தொகையைச் சரிக்கட்டப் பார்த்தன. ஊழியரின் பணத்தை எடுத்து ஊழியருக்கே சம்பளம்! தொழிற்சங்கம் விடவில்லை. 2021இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தது.

தன் பங்கில் கைவைக்கும் முதலாளிக்காக யார் மனமுவந்து ஓடியாடி வேலை செய்வார்? ரிட்ஸ் கார்ல்டன் விடுதிகளின் வழக்கம் வேறு. விருந்தினரின் குறையைத் தீர்க்க, மேலாளரைக் கேட்காமலே ஓர் ஊழியர் 2,000 அமெரிக்க டாலர் வரை செலவிடலாம். நம்பிக்கை வைத்தால் பொறுப்பு வரும் என்ற கணக்கு அது.

நேர்முகத் தேர்வில் நீங்களும் கேளுங்கள். சேவைக் கட்டணம் எப்படிப் பிரிக்கப்படுகிறது? 2023 முதல் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான். பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் அதற்கு மேல் வேலை செய்தால் என்ன கணக்கு? பதிலை மழுப்பும் விடுதியில் தொழிற்பயிற்சியை மட்டும் முடித்துக்கொண்டு வேறு இடம் பார்க்கலாம்.